அரசுப் பள்ளி: கேளுங்கள், சொல்கிறேன்

(பதில்: ஓய்வுபெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்)

திண்டிவனத்திலிருந்து ஒரு அம்மா: மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஒன்பது, பத்து மட்டும் தனியாரில் படிக்க வைக்கலாமா?

வேண்டாம்மா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறுவருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. கலந்தாய்வில் அப்படிச் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும். ஆனால் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்; நடுவில் ஒரு வருடம் தனியாருக்குப் போனாலும் அத்தனையும் போச்சு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பணம் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

மகள் அரசு உதவிபெறும் பள்ளி. 7.5 உண்டா?

கிடையாது. தமிழ்வழி என்றால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

எங்கள் வரிப்பணத்தில் வாத்தியார்களுக்கு ஏன் இவ்வளவு சம்பளம்? தனியார் பள்ளி டீச்சர் பத்தாயிரத்துக்கு வேலை பார்க்கவில்லையா?

அந்த டீச்சருக்குப் பத்தாயிரம் கொடுப்பதுதான் அநியாயம். அதைக் காட்டி அரசு ஆசிரியர்கள் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இவர்களிலும் எல்லோருக்கும் ஒரே சம்பளம் இல்லை. 31.5.2009 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்பு எடுப்பவர்) அப்போது அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, 3,170 ரூபாய் வித்தியாசம். அகவிலைப்படியும் அதன் மேல்தான் ஏறும் என்பதால் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. இதற்காக எத்தனை வருடம் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் போராட்டம் என்று உட்கார்ந்தார்கள்! 2012-ல் ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேரமாக எடுத்தவர்களுக்கு அப்போது மாதம் 5,000. மே மாதத்துக்கு அதுவும் கிடையாது என்றிருந்தது.

அப்படியானால் அரசு ஆசிரியர்களின் பிள்ளைகள் ஏன் தனியாரில்?

நியாயமான கேள்வி. எனக்கும் அது வலிக்கிறது. ஆசிரியர் வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்தால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை சீக்கிரம் திறக்கும். ஆனால் அதைச் சொல்லிச் சம்பளத்தில் கை வைத்தால் நல்லவர்கள் இந்த வேலைக்கே வரமாட்டார்கள்.

எய்டட் (அரசு உதவிபெறும்) பள்ளிக்கு 7.5...

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

வயது 52. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறாமல் ஆசிரியர் பணியில் இருக்கிறேன்.

2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். உங்களுக்கு எட்டு இருக்கிறது. இன்றே உட்காருங்கள்.

போஸ்டிங்குக்கு ஒருவர் ஐந்து லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதித்தான் உள்ளே வர முடியும். கேட்டவர்மேல் போலீசில் புகார் கொடுங்கள்.