ஹபீபி என்ற ஒரு சொல்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் காதில் எந்நேரமும் அரபு பாப் பாட்டுதான். 'ஹபீபி' (என் அன்பே) தவிர ஒரு சொல்லும் அவனுக்குத் தெரியாது. உம் குல்தூம் போன்ற மேதைகள் பாடிய மொழியில் இன்று வருவது வெறும் கொட்டு முழக்கம்தானே? இதில் அப்படி என்ன மயக்கம்?
(ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: எகிப்தியப் பாடகி உம் குல்தூமை நீங்கள்தான் இழுத்தீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். மாதத்தின் முதல் வியாழன் இரவு கெய்ரோ வானொலியில் அவர் பாடினால் தெருக்கள் வெறிச்சோடும் என்பார்கள். 1964-இல் அவர் பாடிய 'இன்த உம்ரீ' ஏறத்தாழ ஒரு மணி நேரப் பாட்டு. இசை, முகம்மது அப்துல் வஹாப். அதன் முன்னிசையில் ஊத், கானூன், வயலின்களுக்கு நடுவே தலைநீட்டும் கருவி எது தெரியுமா? எலெக்ட்ரிக் கிட்டார். நீங்கள் கும்பிடும் மேதையே அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாடினார். ஆகவே அன்று தூய்மை, இன்று குப்பை என்ற கணக்கு இங்கே செல்லாது. வருகிற கருவியை உள்ளே விட்டு, அதைத் தன் நடைக்குப் பழக்கிக்கொள்வது அரபு இசைக்கு நெடுநாள் வழக்கம்.

சொல் புரியவில்லையாம். கோயில் வாசலில் நாதஸ்வரம் கேட்டு நிற்கிறீர்களே, அப்போது என்ன சொல் புரிந்தது? அரபுப் பாடகர் தாளம் தொடங்குமுன் 'யா லைல், யா அய்ன்' என்று குரலை மட்டும் அலையவிடுவார். இரவே, கண்ணே என்று பொருள். இப்படித் தொடங்கும் பகுதிக்கு மவ்வால் என்று பெயர். நம் விருத்தத்துக்குத் தூரத்து உறவு என்று தாராளமாகச் சொல்லலாம். கேட்பவர் கிறங்கிப்போகும் நிலைக்குத் 'தரப்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். சபாவில் 'பலே' போடுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு ராகம் போல அவர்களுக்கு மகாம். அந்த மகாம்கள் பலவற்றின் சுரங்கள் நம் காதுக்குப் பழையவை. ஹிஜாஸ் மகாமின் சுரங்களை வரிசையாக வாசித்தால் வகுளாபரணம். ஹிஜாஸ்கார் என்பது நாம் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளை. இன்றைய பாப் பாட்டுகளில் அடிக்கடி காதில் விழும் குர்த், சுர அளவில் தோடி. (அதற்காக அதில் ராஜரத்தினம் பிள்ளையைத் தேடாதீர்கள். கமகம் வேறு, போக்கு வேறு.) உங்கள் மகன் ஒன்றும் கண்காணாத தேசத்துக்குப் போய்விடவில்லை, இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறான்.

கொட்டு முழக்கம் என்று நீங்கள் தள்ளிவிட்டதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். தர்புகாவை எகிப்தியர் தப்லா என்பார்கள். நம் தபலாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பூந்தொட்டி போல ஒற்றைக் கருவி. தோலின் நடுவில் தட்டினால் 'தும்', விளிம்பில் தட்டினால் 'தக்'. மக்ஸூம் என்ற தாளத்தை எட்டாக எண்ணிப் பாருங்கள்: தும், தக், மௌனம், தக், தும், மௌனம், தக், மௌனம். எட்டில் மூன்று இடம் காலி. அந்தக் காலி இடத்தில்தான் இடுப்பு அசைகிறது. முழக்கமாக மட்டும் இருந்தால் யாரும் ஆட மாட்டார்கள், தலைவலி மாத்திரை கேட்பார்கள்.

1996-இல் வந்த 'நூர் அல் அய்ன்' பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் போர்ட் சயீத்தில் பிறந்த அம்ரு தியாப். எடுத்த எடுப்பில் ஸ்பானியப் பாணி கிட்டார், பிறகு அக்கார்டியன், கைத்தட்டல், அடியில் எகிப்தியத் தாளம். ஸ்பெயின் எப்படி இங்கே நுழைந்தது என்று கேட்காதீர்கள். 711 முதல் 1492 வரை, ஸ்பெயின் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு ஆட்சி கூடியும் குறைந்தும் நின்றது. அந்தக் கிட்டார் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைப்பின் பொருள் 'கண்ணின் ஒளி'. கண்ணே, கண்மணியே என்று கொஞ்சுகிற நமக்கு இதற்கு அகராதி வேண்டுமா? அதே பாடகரின் 'தமல்லி மஆக்' மெட்டு 2004-இல் ஒரு இந்திப் படத்தில் வந்து வடக்கே சக்கைப்போடு போட்டது. அல்ஜீரியாவின் காலித் 1992-இல் பாடிய 'தீதீ'யும் இங்கே ஒலித்ததுதான். அந்நாளில் கல்யாண வீட்டில் அதற்குக் காலாட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால் நான் வியக்க மாட்டேன்.

லெபனானின் நான்சி அஜ்ரம் 2003-இல் பாடிய 'அகாஸ்மக் ஆ' பாட்டின் சாரம் இது: உன்னோடு சண்டை போடுவேன், ஆமாம், உன்னை விட்டுப் போவேனா, மாட்டேன். ஊடல் உண்டு, பிரிவு இல்லை. பாடியவர் லெபனான்காரர் என்றாலும் மொழி எகிப்திய வழக்கு. எகிப்திய சினிமாவின் தயவில் அந்தப் பேச்சு அரபுலகம் முழுக்கப் புரியும். பழைய காப்பிக்கடை ஒன்றை வைத்து அந்தப் பாட்டைப் படமாக்கியவர் நதீன் லபக்கி. 2018-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கினாரே, அதே இயக்குநர். வெறும் குத்துப்பாட்டு என்று சானலை மாற்றியவர்கள் ஒரு நல்ல இயக்குநரின் தொடக்கத்தைத் தவறவிட்டார்கள்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் கை காட்டிய இடத்தில் இல்லை. பயாத்தி மகாமில் ரிஷபம், நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கும். பியானோக் கட்டையில் அதற்கு இடமில்லை. 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டிலேயே, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் போன்றவர்கள் வந்திருந்த சபையில், பியானோவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வழக்காடினார்கள். பிறகு கால் சுரம் இறக்கும் பொத்தான்களோடு அரபு நாடுகளுக்கென்றே கீபோர்டுகள் வந்தன. வந்தும் என்ன, சேட்டிலைட் சானல்களுக்கென்று வார்த்தெடுக்கும் பாட்டுகளில் பல, கால் சுரத்தின் பக்கமே போகாமல் குர்த், நஹாவந்த் என்ற இரண்டு மகாம்களிலேயே முடிந்துவிடுகின்றன. நான் குறைசொல்வது இதைத்தான். பத்துப் பாட்டு கேட்டால் ஏழு ஒன்றுபோல இருக்கும்.

அதற்கு மருந்து தடையும் அல்ல. கெய்ரோவின் ஏழைப் பேட்டைகளில் பிறந்த மஹ்ரகானாத் பாட்டுகளைப் பொது மேடையில் பாடக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் எகிப்திய இசைக் கலைஞர்கள் சங்கம் உத்தரவு போட்டது. காதலர் தினத்தன்று ஸ்டேடியத்தில் பாடிய ஒரு பாட்டில் மதுவும் ஹஷீஷும் வந்ததுதான் குற்றம். அன்றைய சங்கத் தலைவர் ஹானி ஷாகிர், தாமே காதல் பாட்டுகளால் பெயர் பெற்றவர்! டுக்டுக் ஓட்டுநர்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை. (அந்த டுக்டுக், நம் பஜாஜ் ஆட்டோதான்.)

கடைசியாக, உங்கள் மகனுக்குத் தெரிந்த அந்த ஒரே சொல். 'ஹபீபி' ஆண்பால். பெண்ணுக்கு 'ஹபீப்தீ' என்று தனியே இருக்கிறது. இருந்தும் காதலியை நினைத்துப் பாடுகிற ஆண், பாட்டில் பெரும்பாலும் 'ஹபீபி' என்றே அழைக்கிறான். யாரைச் சொல்கிறான் என்பது வெளியே தெரியாமல் மறைக்கும் பழைய நாகரிகம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அகப்பாட்டில் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி வைத்திருந்தவர்கள் நாம். இது பையனுக்குத் தெரியுமா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். அப்படியே காதிலிருப்பதில் ஒன்றைக் கழற்றி வாங்கி உங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.