ஜப்பான் கலையும் இத்தாலி கலையும் கலந்த கண்ணாடிப் பாத்திரம்னு சொல்றாங்களே, அதுல ஜப்பான் எங்க இருக்கு?

யோய்ச்சி ஒஹிரா வேலையை வெச்சு சொல்றேன், அதான் எனக்குப் பிடிச்ச உதாரணம். 1946ல ஜப்பான்ல பிறந்தவர், 1973ல வெனிஸ் போய் அங்க ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சு, அப்புறம் பக்கத்து முரானோ தீவு கண்ணாடி உலைகள்லயே வேலையைப் பிடிச்சுக்கிட்டார்.

செர்ரி பூ, ஃபியூஜி மலைன்னு தேடினீங்கன்னா ஏமாந்துடுவீங்க. அவர் ஜாடியை போட்டோல பார்த்தா பாதி பேர் பீங்கான்னுதான் சொல்லுவாங்க, சிலது அரக்கு பூசின மாதிரி இருக்கும், சிலது ஜேட் கல் மாதிரி. கண்ணாடியோட பளபளப்பையே அடக்கிட்டு, தொட்டுப் பார்க்கத் தோணற மாதிரி ஒரு மேல்பரப்பு, நடுவுல அங்கங்க வெளிச்சம் வர சின்னச் சின்ன ஜன்னல். என்னைக் கேட்டா ஜப்பான் அந்த அடக்கத்துலதான் இருக்கு.

செய்முறை மட்டும் அசல் முரானோ. கலர் கண்ணாடியை மெல்லிசு கம்பியா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, பக்கத்துல பக்கத்துல அடுக்கி, சூடாக்கி ஒட்ட வெச்சு, அதை ஊதுகுழல்ல சுருட்டி எடுத்து ஊதறது (அந்தத் துண்டுக்கு முர்ரினான்னு பேரு), இடையில கண்ணாடிப் பவுடரும் தூவுவார். கேக்க ஈஸியா இருக்கும், ஆனா ஒவ்வொரு கலரும் ஆறும்போது ஒவ்வொரு அளவு சுருங்கும், அது ஒத்துப்போகலன்னா மொத்தமும் விரிசல் விட்டுடும், அதனால ஒத்துப்போற கண்ணாடியாத்தான் சேர்க்கணும். சீரா ஆறலன்னாலும் விரிசல் விடும், அதனாலதான் தனி அடுப்புல வெச்சு மெதுவா ஆற விடறாங்க. ஆறினப்புறம் சக்கரத்துல தேய்க்கறது இன்னொரு பெரிய வேலை. பட்டூத்தோன்னு ஒரு முறை இருக்கு, தேய்ச்சு முடிச்சா பித்தளைக் குடத்துல சுத்தியல் தட்டின தடம் மாதிரியே இருக்கும்.

ஆனா இதெல்லாம் ஒஹிரா கொண்டு வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. இத்தாலி கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1940லயே வெனினிங்கிற முரானோ கண்ணாடிக் கம்பெனிக்கு அரக்கு மாதிரி சிவப்பு கறுப்புப் பாத்திரம், பளபளப்பு இல்லாத முர்ரினான்னு டிசைன் பண்ணிட்டார். அந்த மனுஷன் 1978ல இறந்ததே ஜப்பான்ல, செண்டாய் ஊர்லதான். அதனால முரானோ ஏற்கெனவே கிழக்குப் பக்கம் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு, ஒஹிரா அந்தப் பக்கத்துல இருந்தே வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, ஒஹிரா தானா ஊதல. ஊதினது லிவியோ செரேனா, பிற்காலத்துல ஆந்திரேயா ஜீலியோ, தேய்ச்சது ஜாக்கோமோ பார்பீனி. இதை ஒரு குறையா சொல்றவங்க உண்டு, எனக்கு ஒத்துக்க முடியல. ஜப்பான் மரப்பலகை ஓவியத்துல வரையறவர் வேற, செதுக்கறவர் வேற, அச்சு போடறவர் வேற, அதுல பேர் போன ஓவியர் ஹொகுசாயை யாராவது குறை சொல்றாங்களா? ஒஹிராவாவது ஜாடி அடியில தன் கையெழுத்தோட ஊதின மாஸ்டர் பேரையும் பொறிக்க வெச்சார்.

அப்படியே ரித்சுவே மிஷிமாங்கிற கண்ணாடிக் கலைஞரையும் தேடிப் பாருங்க, கியோத்தோக்காரங்க, 1989ல வெனிஸ் போனவங்க. ஒஹிராவுக்கு நேரெதிர், கலரே கிடையாது, வெறும் தெளிவான கண்ணாடிதான்.