மட்டிப்பழப் பென்குயினும் சக்கைச்சுளைக் கோழிக்குஞ்சும்: பிறந்தநாள் கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் வீட்டில் இருந்தபடியே பிறந்தநாள் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். பழத்தையும் சாக்லேட்டையும் வைத்துக் குட்டி உருவங்கள் செய்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் கைக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, மகளுக்கு 5 வயசு. ஸ்ட்ராபெரியில் எலி செய்யலாம் என்று பார்த்தால் தக்கலையில் நல்லதாகக் கிடைக்கவில்லை. வேறு எந்தப் பழம் எடுக்கலாம்?

ஸ்ட்ராபெரியை விடுங்கள் மக்களே. மலையில் இருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பாதி கசிந்துவிடும், கசிந்த பழத்தில் சாக்லேட் ஒட்டாது. நம்மிடம் மட்டி வாழை இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். விரல் நீளம்தான், ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று கணக்காகக் கொடுக்கலாம்.

அதில் பென்குயின் செய்யுங்கள். பழுத்த, ஆனால் கன்றிப்போகாத மட்டியை உரித்து, அடிமுனையை நேராக வெட்டி, அதன் வழியே ஐஸ் குச்சியைப் பாதிவரை செருகுங்கள். எலுமிச்சைச் சாறு லேசாகத் தடவினால் வயிறு கறுக்காது. ஒன்றோடொன்று ஒட்டாமல் பட்டர் பேப்பரில் அடுக்கி 1 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் மேலே பூத்திருக்கும் பனியைத் துணியால் ஒற்றிவிட்டு, பழத்தைக் கவிழ்த்துப் பிடித்து முதுகிலும் பக்கங்களிலும் மட்டும் உருக்கிய டார்க் சாக்லேட்டைக் கரண்டியால் ஊற்றுங்கள். முன்பக்கம் வெள்ளையாக விட்ட இடம்தான் வயிறு. குளிர்ந்த பழத்தில் சாக்லேட் கண் இமைப்பதற்குள் இறுகிவிடும். அதனால் வெள்ளை சாக்லேட் பொட்டுக் கண்ணையும் முக்கோணமாக நறுக்கிய கேரட் மூக்கையும் முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று பென்குயின் மாறுகண்ணோடுதான் வரும். அவற்றைச் செய்தவர் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சக்கை (பலாப்பழம்) சீசனில் பிறந்தநாள் வருகிறது. அதில் ஏதாவது செய்ய முடியுமா?

சுளை கெட்டியாக இருக்கும் வருக்கை என்றால் அருமையாகச் செய்யலாம். கூழஞ்சக்கை சரிப்படாது, கையிலேயே குழைந்துவிடும். வருக்கைச் சுளையைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, மேலே ஈரம் இல்லாமல் துடைத்து நிறுத்தினால் அதுவே மஞ்சள் கோழிக்குஞ்சு. கண்ணுக்கு இரண்டு சாக்லேட் பொட்டு, மூக்குக்குக் கேரட், அடியில் கூடு மாதிரி சாக்லேட்டில் புரட்டிய சேமியா வறுவல். ஃப்ரீசர் வேண்டாம்.

சிவப்பு வேண்டும் என்று வெள்ளை சாக்லேட்டில் இரண்டு சொட்டு கலர் விட்டேன். புட்டு மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

அந்தக் கலர் தண்ணீரில் கரைத்தது. உருகிய சாக்லேட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், அதில் இருக்கிற சர்க்கரையும் கோகோவும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். டபுள் பாய்லிங்கில் (வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது) ஆவி படுவது, ஈரக் கரண்டி, கழுவித் துடைக்காத திராட்சை எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். சாக்லேட்டுக்கென்று எண்ணெயில் கரையும் கலர் தனியாக விற்கிறார்கள். இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த பீட்ரூட் பொடி போடலாம், இளஞ்சிவப்பு வரும். கட்டியாகிப்போனதைக் கொட்டாதீர்கள். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் சாஸ் ஆகிவிடும். பழத்தை முக்கித் தின்னலாம், மேலே பூசத்தான் முடியாது.

குளச்சலில் மண்டபம், ஏப்ரல் மாதம், மாலை 4 மணி. சாக்லேட் உருகாமல் நிற்குமா?

அசல் சாக்லேட் நிற்காது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்தில் உருகிவிடும், நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதோடு பளபளப்பு வேண்டுமென்றால் டார்க்கை 45-50 டிகிரிக்கு உருக்கி, 27-28க்கு ஆறவிட்டு, மறுபடி 31-32க்குக் கொண்டுவர வேண்டும். தாவர எண்ணெய் சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு இந்தப் பாடு கிடையாது. ருசி ஒரு படி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இதுவரை புகார் சொன்னதில்லை.

சாக்லேட் இளகி வர ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்துக் கையோடு தின்பதற்கு அது சரி. தட்டில் அடுக்கி வைக்க வேண்டும் என்றால் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே இளகிப்போகிறது, சாக்லேட்டையும் சேர்த்து இளக்கிவிடும். நான் தொழில் தொடங்கிய புதிதில் அப்படி 40 பென்குயின் செய்து, காரின் பின்னால் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். தோட்டியோடு தாண்டுவதற்குள் எல்லாம் படுத்துவிட்டன. இப்போது தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பையும் இல்லாமல் வாசல்படி இறங்குவதில்லை.

அன்னாசி ஜெல்லி உறையவே இல்லை அக்கா. இரண்டு தடவை செய்துவிட்டேன்.

ஜெலட்டினில் வேகவைக்காத அன்னாசியைப் போட்டிருப்பீர்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி ஜெலட்டினைக் கரைத்துவிடும். பழத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் போடுங்கள், அல்லது கடல்பாசிக்கு மாறுங்கள்.

பச்சைத் திராட்சையைக் குச்சியில் கோத்துக் கம்பளிப்பூச்சி செய்யப் போகிறேன். வருகிற பிள்ளைகளில் 2 வயசுக் குழந்தையும் உண்டு.

அந்தக் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். முழுத் திராட்சை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். 5 வயசுக்குக் கீழே என்றால் நீளவாக்கில் நான்காகக் கீறித்தான் கொடுக்க வேண்டும். முழு அண்டிப்பருப்பும் (முந்திரி) பாதாமும் அதே மாதிரிதான், பொடித்துத் தூவுங்கள். கண்ணையும் கொம்பையும் டூத்பிக்கில் குத்தாதீர்கள், சாக்லேட்டைப் பசையாக வைத்து ஒட்டுங்கள். சின்னவனுக்கு மட்டும் மசித்த மட்டியில் கரடி முகம் வரைந்து கிண்ணத்தில் கொடுத்துவிடலாம்.

எல்லாவற்றையும் முந்தின நாளே செய்து வைக்கலாமா?

கண், மூக்கு, கூடு எல்லாம் இரண்டு நாள் முன்பே செய்து டப்பாவில் மூடி வைக்கலாம். பென்குயினை முந்தின இரவு செய்து ஃப்ரீசரில் வைக்கலாம். சக்கையும் நறுக்கிய பழமும் அன்றன்றைக்குத்தான். ஃப்ரிட்ஜில் வைத்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், உடனே வியர்த்து, காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை பூத்துவிடும். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும், அப்புறம் திறங்கள். பென்குயினுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. கேக் வெட்டி முடிந்ததும் ஃப்ரீசரில் இருந்து நேரே பிள்ளைகள் கைக்குப் போய்விட வேண்டும்.