கடைவீதி மரங்கள் வளராமல் மஞ்சளாவது: தண்ணீர் கூடிப்போயிருக்கலாம்

தினமும் தண்ணீர் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். வீதியைப் புதுப்பித்தபோது நட்ட மரங்கள் இரண்டு வருடமாகியும் வளரவில்லை, தண்ணீர் ஊற்ற ஊற்ற இலை மஞ்சளாகி உதிர்கிறது என்கிறீர்கள். இது தாகமாகத் தெரியவில்லை. வேருக்குக் காற்று கிடைக்காததுதான் காரணமாக இருக்கும்.

நடைபாதைக் கல் பதிக்கும் முன் அடிமண்ணை ரோலர் விட்டு இறுக்கிவிடுவார்கள். கல் அமுங்காமல் இருக்க அது வேண்டியதுதான். ஆனால் அந்த மண்ணுக்குள் வேர் நுழையாது, தண்ணீரும் இறங்காது. நட்ட குழி ஓட்டையில்லாத தொட்டி மாதிரி ஆகி, அடியில் வேர் அழுகத் தொடங்கும்.

1. மரக்குழிக்குள், வேர்க்கட்டிக்கு (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) சற்றுத் தள்ளி 30 செ.மீ. ஆழம் கையால் தோண்டுங்கள். மண் சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

2. அதில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் வடிகால் இல்லை.

அப்புறம் தண்டின் அடியையும் பாருங்கள். விரிந்து மண்ணுக்குள் போகாமல் கம்பம் மாதிரி நேராக இறங்கினால், ஆழமாக நட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

நிரந்தரத் தீர்வு, கல்லைப் பெயர்த்துக் குழியை அகலப்படுத்தி வடிகுழாய் வைப்பதுதான். மேலே கல் பாவியாக வேண்டுமென்றால், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை இருக்கிறது: எடையில் சுமார் 80 சதவீதம் உடைகல், 20 சதவீதம் மண். கல் பாரத்தைத் தாங்கும், இடுக்கில் வேர் ஓடும்.

ஒரு எச்சரிக்கை: கடைவீதியில் நடைபாதைக்கு அடியில் மின்கேபிளும் குழாய்களும் ஓடும். வரைபடம் பார்க்காமல் கடப்பாறை போடாதீர்கள்.