“காலிதான்மா” என்கிறார் சீனியர்!

கேள்வி: காலேஜ் சேர்ந்ததிலிருந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) சுடப் பழகுகிறேன். எங்கள் ரேஞ்சில் ஒரு சீனியர் அண்ணன் இருக்கிறார். மெடல் வாங்கியவர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பிஸ்டல் கையில் இருக்கும்போதே பின்னால் திரும்பிப் பேசுவார். பேரல் (துப்பாக்கிக் குழல்) எங்களைப் பார்த்தபடி இருக்கும். தயங்கித் தயங்கி ஒருநாள் சொன்னேன். “காலிதான்மா, பயப்படாதே” என்று சிரித்துவிட்டார். நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, திருச்சி

பதில்: இல்லை. பயம் விட்டுப்போனது அவருக்குத்தான்.

புதிதாக வருபவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை கிடையாது. கோச் சொன்னதை வரிக்கு வரி செய்வார்கள். கை பழகியவர்களிடம்தான் கவனம் நழுவும். பெல்லட்டைப் போட்டு மூடுகிற நேரத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள், இரண்டு வார்த்தை பேசுகிறோம். திரும்பும்போது போட்டோமா இல்லையா என்பது நினைவில் இருக்காது. “காலிதான்” என்று அவர் சொல்வது பார்த்துச் சொல்வதா, நினைவிலிருந்து சொல்வதா? 4.5 மி.மீ. ஈயக் குண்டுதானே என்று நினைக்கலாம். சத்தம் குறைவு என்பதால் விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

இந்தச் சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் இருக்கத்தான் சேஃப்டி ஃப்ளாக் இருக்கிறது: பிஸ்டல் காலி என்று காட்ட பேரலுக்குள் செருகி வைக்கும் கலர் கயிறு. ஏர் பிஸ்டலில் அந்தக் கலர் கயிறு பேரலின் முழு நீளத்துக்கும் ஓடி, முன்வாயில் வெளியே தெரிய வேண்டும் என்பது ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதி. உள்ளே பெல்லட் இருந்தால் கயிறு போகாது. யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். சில ரேஞ்சுகளில் அதைப் பின்பக்கம் சும்மா செருகி வைக்கிறார்கள். அது வெறும் அலங்காரம்.

அப்புறம் இந்த செல்போன். பிஸ்டலைக் கேமராவுக்கு நேராக நீட்டி ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அந்தக் கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறாரே!

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்பும் காதில் பிளக்கும் மாட்டினால் பக்கத்தில் நடப்பது தெரியாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட். கடைசிப் பகுதியில் உடம்போடு கவனமும் சோரும். குறி சரியாக அமைந்த நொடியில் சுடுவதை நிறுத்தச் சொல்லும் ‘ஸ்டாப்’ உத்தரவு கேட்டாலும் அந்த ஷாட்டை விட்டுவிட்டுக் கையை இறக்கத் தெரிய வேண்டும். அதையும் பயிற்சியில்தான் பழக வேண்டும்.

அண்ணனிடம் எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம். தனியாக, “அண்ணா, ஃப்ளாக் போட்டு பெஞ்சில் வைத்துவிட்டு வந்து பேசுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். மறுபடியும் சிரித்தால் ரேஞ்ச் ஆபீசரிடம் போங்கள். கோள்சொல்வதாக நினைக்காதீர்கள். ஆபத்தைப் பார்த்தால் உடனே தெரிவிப்பது சுடுபவரின் கடமை என்று விதியே சொல்கிறது. அவர் திருந்தும்வரை அவருக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்காராதீர்கள்.