முட்டுக்கொடுத்த வீடு

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 71 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறார். இரண்டு மாதம் முன்பு, சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால் ஒரு ஆயுர்வேத வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் கொடுத்த பூனைக்காலி விதைப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்து வருகிறோம். ஒரே வாரத்தில் நடை சரளமானது, சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். ஆனால் இப்போது சில நேரம் கழுத்தும் தோளும் தானாக நெளிகின்றன. நோய் வெளியேறுவதன் அடையாளம் அது, இனி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் வைத்தியர். எல்லாம் வெறும் நம்பிக்கை என்று தம்பி சண்டை போடுகிறான். மூளை நோய்களைப் பற்றி ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்கிறது? உங்கள் பெரியப்பாவுக்கு இதே நோய் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் உடம்பு கட்டையாக விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நான் மருத்துவன் இல்லை. அதனால் இந்த வாரமே பொடி டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு அப்பாவின் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பொடியின் விஷயத்தை அவரிடம் இதுவரை மறைத்திருந்தால் இனி மறைக்க வேண்டாம்.

உங்கள் தம்பி சொல்வதும் சரியில்லை. அப்பா பொத்தான் போட்டுக்கொண்டது நம்பிக்கையால் அல்ல. அந்த விதைக்குள் இருப்பது அதே லெவோடோபா. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலியைத் தெரியும், அதன் காயில் இருக்கும் சுணை கையில் பட்டால் அரிப்பு லேசில் அடங்காது. வடமொழியில் கபிகச்சு, குரங்குக்கு அரிப்பைத் தருவது என்று பெயர். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது மூளைக்கு என்ன செய்யும் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

தெரிய வந்த கதையிலும் நம் ஊர்ச் செடி ஒன்று இருக்கிறது. உன்மாதம் என்ற பித்துநிலைக்கும் தூக்கமின்மைக்கும் இங்கே கொடுத்துவந்த சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தை 1952இல் பிரித்தார்கள். 1957இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. லெவோடோபாவிலிருந்து மூளையில் உருவாகும் டோபமின் என்ற பொருள் தீர்ந்துபோவதற்கும் உடல் முடங்குவதற்கும் உள்ள தொடர்பு அங்கிருந்துதான் துலங்கியது. ஒரு செடி முடக்கியது, இன்னொரு செடியில் இருக்கும் பொருள் எழுப்பியது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

இனி உங்கள் வீட்டு விஷயம். மாத்திரையிலும் லெவோடோபா, பொடியிலும் லெவோடோபா. அப்பா ஒரே மருந்தை இரண்டு வழியில் சாப்பிட்டு வருகிறார். கழுத்தும் தோளும் நெளிவது இந்த மருந்து மிஞ்சும்போது வரும் தொந்தரவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நோய் வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள் சொல்வது பெரிய பிழை.

அப்படியானால் மாத்திரையை விட்டுப் பொடியை மட்டும் கொடுக்கலாமே என்று தோன்றும். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பொடி சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கியது, மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. ஆனால் அது ஒரு வேளை மருந்தை வைத்துப் பார்த்த சோதனை. பிறகு 14 பேரிடம் 16 வாரத் திட்டத்தில் தினமும் கொடுத்துப் பார்த்தபோது, பாதிப்பேர் வயிற்றுத் தொந்தரவாலோ அசைவுகள் மோசமானதாலோ பொடியைத் தொடர முடியாமல் விட்டார்கள். மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா என்ற துணைப்பொருளையும் சேர்த்திருப்பார்கள். மருந்து மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் மாறி வீணாகாமல் அது காக்கும். விதையில் அது கிடையாது. விதைக்கு விதை மருந்தின் அளவும் மாறும்.

சரி, நூல்கள் என்ன சொல்கின்றன? ஆயுர்வேதத்தின் பழைய நூலாசிரியர்களில் ஒருவரான சரகர் எண்ணும் 80 வாத நோய்களில் 'வேபது' ஒன்று, நடுக்கம் என்று பொருள். வாழ்க்கையின் கடைசிப் பகுதி வாதத்தின் காலம் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைக் கணக்கு. உலர்தல், தேய்தல், நடுங்குதல் எல்லாம் அதன் குணங்கள். ஆந்திரப் பகுதியில் எழுந்த பசவராஜீயம் என்ற வைத்திய நூல் 'கம்பவாதம்' என்று தனிப் பெயரிட்டு, கைகால் நடுக்கத்தோடு தூக்கம் கெடுவதையும் புத்தி தேய்வதையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது, புலன்களுக்கும் அறிவுக்கும் கேடு வருவதில்லை என்று எழுதினார். நோய் முற்றும்போது பலருக்கு மறதியும் குழப்பமும் வரும் என்பதை இன்று எல்லா நரம்பியல் மருத்துவர்களும் ஏற்கிறார்கள். நம் வைத்தியர்கள் கண்ணால் பார்த்து எழுதியது அது. சார்ங்கதரர் என்ற இன்னொரு ஆயுர்வேத ஆசிரியர் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் மனிதனை விட்டு ஒன்று போகிறது என்று கணக்கிடுகிறார். எட்டாவது பத்தில் விக்கிரமம், அதாவது உடலின் வீரியம். ஒன்பதாவது பத்தில் புத்தி. உங்கள் அப்பா இப்போதுதான் எட்டாவது பத்துக்குள் வந்திருக்கிறார்.

ஆனால் இவர்களில் யாரும் இதை வேரோடு எடுத்துவிடுவதாகச் சொல்லவில்லை. மூப்பால் வருபவை இயல்பான நோய்கள், இயல்புக்கு மாற்று இல்லை என்பது சரகரின் சொல். சரகரைப் போலவே பழைய ஆசிரியரான சுசுருதர் நோய்களைத் தீர்பவை, தீராதவை என்று பிரிக்கும்போது நடுவில் 'யாப்பியம்' என்று ஒரு வகையை வைக்கிறார். சிகிச்சை தாங்கிப் பிடித்திருக்கும் வரை நோயாளி நன்றாக இருப்பார், நிறுத்தினால் உடனே அழிவு. விழப்போகும் வீட்டுக்குச் சரியாகக் கொடுத்த முட்டு என்பது அவருடைய உவமை. பார்க்கின்சனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எங்கும் கண்டதில்லை. அப்பாவுக்கு அந்த முட்டு இப்போது மாத்திரைதான். அதை உருவச் சொல்பவர் சுசுருதரையே மறுத்துப் பேசுகிறார். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மறதி நோய்க்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். சரகர் சொல்லும் மேத்ய ரசாயனங்கள், அதாவது புத்தியை வளர்க்கும் மருந்துகள், நான்கில் முதலாவதை நம் வல்லாரை என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். அல்சைமரை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பொடியோ லேகியமோ எதை வாங்கினாலும் எங்கே செய்தது என்று பாருங்கள். 2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மூளைக்கே நஞ்சு.

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அவர் முதலில் கேட்டது மாத்திரைச் சீட்டைத்தான். அதை நிதானமாகப் படித்துவிட்டு, "இதில் நான் கை வைக்க மாட்டேன்" என்றார். பிறகு வயிற்றைப் பற்றியே அரைமணி நேரம் விசாரித்தார். வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல் என்பது அவருடைய மரபு. பெரியப்பாவுக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் இருந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு இப்படித்தான் என்று நரம்பியல் மருத்துவமும் இப்போது சொல்கிறது. உணவை மாற்றினார், வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் சொன்னார். நடுக்கம் குறையவில்லை. வயிறு இளகியது, இரவில் நான்கு மணி நேரமாவது தூங்கினார், இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. தினமும் காலையில் பெரியம்மா வெதுவெதுப்பான எண்ணெயைத் தேய்த்துவிடும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவர் அதிகம் பேசினார்.

எண்ணெய் தேய்ப்பதை நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தேய்த்த பிறகு குளியலறைத் தரை வழுக்கும், அப்பாவைத் தனியாக விடாதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்