“பால்வாடிக்குப் போகும் என் மகள் பின்தங்கிவிடுவாளா?”

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. எங்கள் தெரு அங்கன்வாடிக்குத்தான் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வேனில் எல்கேஜி போகிறான், இசட் வரை எழுதுகிறான். இவளுக்கு ‘அ’கூட வரவில்லை. அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மையத்தில் டீச்சர் ஒருவர்தான். பாதி நேரம் பதிவேடும் போனுமாகவே இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனமில்லை. எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம், அதிகம் படித்தவர்கள் இல்லை. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். ‘என்னால்’ என்று எழுதாமல் ‘எங்களால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயம்.

நான் 26 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஒரு ஜூன் மாதம் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அழகாக எழுதும் ஒரு பெண் குழந்தை வந்தது. முதல் நாளே, பதினோரு மணி இருக்கும், பாவாடை நனைந்து அழுதுகொண்டு நின்றது. ஒன்றுக்கு வருகிறது என்று என்னிடம் சொல்ல அதற்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவரிடம் எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை. பயம் தெளிய இரண்டு மாதம் ஆயிற்று. அதே வருடம் பால்வாடியிலிருந்து வந்த பையனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தட்டைக் கழுவி வைப்பான், சண்டை வந்தால் என்னிடம் வந்து சொல்வான், கதையை நிறுத்தினால் “அப்புறம் டீச்சர்?” என்பான். பொங்கலுக்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

‘அ’ வரவில்லை என்று மகளைத் திட்டாதீர்கள். அது வளைவும் சுழியும் நிறைந்த எழுத்து. இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளில் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். நான் என் வகுப்பில் பெரும்பாலும் கோடாக எழுதும் ட, ப, ம என்ற மூன்றில்தான் தொடங்குவேன். ‘படம்’, ‘பட்டம்’ என்று அப்போதே சொல்லும் வந்துவிடும். அதற்கு முன்னால் விரல்களுக்குப் பலம் வேண்டும்.

இனி உங்கள் குழு. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியபோதே அதற்கு ஆறு வேலைகள். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை என்று நீளும் அந்தப் பட்டியலில் முன்பருவக் கல்வி ஒன்று. எடை பார்ப்பதும் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பதும் அதே டீச்சர்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்களால் கொடுக்க முடிந்தது அந்த நேரம்தான்.

ஒரு நாளைக்கு இரண்டு பேர், காலையில் ஒரு மணி நேரம். ஐந்து நாளைக்குப் பத்துப் பேர். மீதி இரண்டு பேர் யாருக்காவது காய்ச்சல், நூறு நாள் வேலை என்றால் கைமாற்றுக்கு. டீச்சரிடம் முதலில் பேசுங்கள், அவர் மூலமாக மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிடுங்கள். தன்னைக் கண்காணிக்க வருகிறீர்கள் என்று டீச்சருக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றக் கூடாது.

போய் என்ன செய்வது? உங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) இருக்கிறது. ஒரு முறத்தில் கொட்டி நான்கு வயதுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். இரண்டு விரலால் நசுக்கி உடைப்பதே விரலுக்கான பயிற்சி. ஒரு பருப்பு உள்ளது இங்கே, இரண்டு உள்ளது அங்கே, மூன்று இருந்தால் உனக்கு என்று பிரிக்கச் சொன்னால் கணக்கும் ஆயிற்று. நடுவில் “இது யார் காட்டில் விளைந்தது? எப்படிப் பிடுங்கினார்கள்?” என்று கேளுங்கள், அவர்களைப் பேச விடுங்கள். மையத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளும் இருப்பார்கள். பருப்பு, விதை எதுவும் அவர்கள் கைக்குப் போகாமல் ஒருவர் கவனமாக இருக்க வேண்டும், தொண்டையில் சிக்கிவிடும்.

படிக்காதவர்கள் என்று தயங்குகிறீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி ஒருவர் கதை சொல்ல வந்தால் போதும், அவரை விடாதீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லட்டும்.

ஏப்ரலில், பள்ளிக்கு லீவு விடுவதற்கு முன், சேரப்போகும் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பு அறைக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர்கள் இதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

மையத்துக் கழிப்பறைக்குக் கதவு, குடிதண்ணீர், விளக்கு மாதிரி விஷயங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. 12 பேரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஏதாவது ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்றால் ‘தானாகச் சரியாகும்’ என்று விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை மருத்துவக் குழு வருகிறது. அதற்கும் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அப்புறம், வேனிலிருந்து இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பையனையும் சாயங்காலம் விளையாடக் கூப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை நாள் நடந்தது, எந்த நாளில் ஆள் வரவில்லை, உங்கள் மகள் முறத்தைப் பார்த்து என்ன கேட்டாள் என்று.